குடலுக்குள் ஒரு பச்சைக் கட்டம்! டாக்டர் கண்ணுக்குத் தப்புவதை எந்திரம் காட்டிக் கொடுக்குமா?

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் செட்டியார்பட்டி இருக்கிறது. ஒட்டினாற்போல் தளவாய்புரம். இந்த வட்டாரத்தில் நைட்டி தைக்காத தெரு குறைவு.

தைத்து முடித்த துணியைக் கடைசியாக ஒருவர் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். தையல் விட்டிருக்கிறதா, கறை படிந்திருக்கிறதா, நூல் பிசிறு தொங்குகிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். இதற்கு "செக்கிங்" என்று பெயர்.

காலையில் செக்கிங் செய்யும் கண் வேறு. மாலையில் அதே ஆளின் கண் வேறு. 200 துணி பார்த்த பிறகு 201-வது துணியில் இருக்கும் ஓட்டை தெரியாது. அந்தத் துணி கடைக்குப் போய்த் திரும்பி வரும்.

மனிதனின் குடலுக்குள்ளும் இப்படி ஒரு செக்கிங் நடக்கிறது. டாக்டர்கள் செய்கிறார்கள். அங்கே ஒன்று கண்ணுக்குத் தப்பினால், சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருவது புற்றுநோய்!

அது தப்பாமல் இருக்க, டாக்டரின் பக்கத்தில் ஒரு எந்திரத்தை உட்கார வைக்கலாமா? உலகம் முழுவதும் டாக்டர்கள் இப்போது விவாதிக்கும் கேள்வி இது.

மிளகு அளவு மொட்டு

மனிதனின் பெருங்குடல் சுமார் 5 அடி நீளம். வயிற்றுக்குள் மடிந்து வளைந்து கிடக்கிறது. அதன் உள்சுவரில் சிலருக்குச் சிறிய சதை மொட்டுகள் முளைக்கும். அதற்குப் "பாலிப்" என்று பெயர்.

சில பாலிப்கள் மிளகு அளவு இருக்கும். சில, காளான் போலக் காம்பு வைத்து நிற்கும். சில, தரையில் விரித்த பாய் போலத் தட்டையாகக் கிடக்கும். இந்தத் தட்டை ரகம்தான் கண்டுபிடிப்பதற்குக் கடினமானது.

பாலிப் பெரும்பாலும் வலிக்காது. அது இருப்பதே தெரியாது. அநேக பாலிப்கள் கடைசிவரை ஒரு கெடுதலும் செய்வதில்லை. ஆனால் சில மட்டும் மெல்ல மெல்ல வளர்ந்து, சுமார் 10 ஆண்டுகளில் புற்றுநோயாக மாறுகின்றன.

10 ஆண்டு அவகாசம் கொடுக்கும் நோய் உலகத்தில் அதிகம் கிடையாது. அந்த அவகாசத்துக்குள் மொட்டை முளையிலேயே கிள்ளிவிட்டால் தீர்ந்தது!

கிள்ளுவதற்கு உதவும் கருவிதான் கொலோனோஸ்கோப். விரல் பருமனுள்ள வளையும் குழாய். அதன் நுனியில் சிறு விளக்கும் காமிராவும் உண்டு. ஆசனவாய் வழியாக அதைச் செலுத்தி, டெலிவிஷன் திரையில் குடலின் உட்புறத்தை டாக்டர் பார்க்கிறார். பாலிப் தென்பட்டால், அதே குழாய் வழியாகக் கம்பிச் சுருக்கை அனுப்பி அறுத்து எடுத்துவிடுகிறார். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. பெரும்பாலோர் அன்றைக்கே வீடு திரும்பிவிடுகிறார்கள்.

இதனால் பலன் உண்டா? அமெரிக்காவில் பாலிப் எடுக்கப்பட்ட 1,418 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து வந்தார்கள். அதன் முடிவு 1993-ல் வெளியாயிற்று. எதிர்பார்த்த அளவில் கால் பங்குக்கும் குறைவாகவே அவர்களுக்குக் குடல் புற்றுநோய் வந்திருந்தது.

பஞ்சாபில் பிறந்தவர் காட்டிய வழி

இந்தக் குழாயின் கதையில் ஒரு இந்தியருக்குப் பங்கு உண்டு. அவர் பெயர் நரீந்தர் சிங் கபானி. பஞ்சாபில் மோகா என்ற ஊரில் பிறந்தவர்.

வெளிச்சம் நேர்கோட்டில்தானே போகும்? வளைந்த குடலுக்குள் அது எப்படிப் போகும்? தலைமயிர் போன்ற மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டினால், கட்டு வளையும்போது படமும் கூடவே வளைந்து வரும் என்று அவர் லண்டனில் செய்து காட்டினார். ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியரும் அவரும் சேர்ந்து 1954-ல் இதை வெளியிட்டார்கள். 3 ஆண்டுகளில் அமெரிக்காவில் வயிற்றைப் பார்க்கும் வளைகுழாய் வந்துவிட்டது. 1969-ல் நியூயார்க்கில் உல்ப், ஷின்யா என்ற இரு டாக்டர்கள், குழாய் வழியாகவே பெருங்குடல் பாலிப்பை அறுத்து எடுத்தார்கள்.

கபானி 2020-ல் காலமானார். மறு ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மவிபூஷண் பட்டம் அளித்தது. கொஞ்சம் தாமதம்தான்!

ஜனாதிபதியும் பந்தாட்டக்காரரும்

1985-ம் ஆண்டு ஜூலை மாதம். அமெரிக்க ஜனாதிபதி ரொனால்டு ரீகனுக்கு வயது 74. குடலைக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஒரு பெரிய பாலிப் இருந்தது. மறுநாளே ஆபரேஷன். சுமார் 8 மணி நேரத்துக்கு ஜனாதிபதியின் அதிகாரம் துணை ஜனாதிபதி புஷ்ஷிடம் ஒப்படைக்கப்பட்டது. எடுத்த கட்டியைச் சோதித்ததில் அதில் புற்று இருந்தது தெரிந்தது. ஆனால் ரீகன் அதன் பிறகு 19 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். 2004-ல் 93-வது வயதில் மறைந்தார்.

பிரேசில் நாட்டின் கால்பந்து வீரர் பீலேயின் கதை வேறு. 2021-ம் ஆண்டு வழக்கமான உடல் பரிசோதனைக்குப் போனபோது அவரது பெருங்குடலில் கட்டி இருப்பது தெரிந்தது. ஆபரேஷன் நடந்தது. சிகிச்சை தொடர்ந்தது. 2022 டிசம்பர் 29-ந் தேதி அவர் இறந்தார்.

உலகத்தில் 2022-ம் ஆண்டில் மட்டும் சுமார் 19 லட்சம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் வந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சுமார் 9 லட்சம் பேர் இறந்தார்கள். இந்தியாவில் அதே ஆண்டில் புதிதாக நோய் கண்டவர்கள் ஏறத்தாழ 70 ஆயிரம் பேர். ஜனத்தொகையோடு பார்த்தால் மேல்நாடுகளைவிட இது மிகக் குறைவு. ஆனால் 70 ஆயிரம் வீடுகள் என்று எண்ணிப் பார்த்தால் குறைவு என்று சொல்ல வாய் வராது.

டாக்டர் கண் ஏன் தவறுகிறது?

ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து இரண்டு முறை குழாய் விட்டுப் பார்த்த ஆராய்ச்சிகள் உண்டு. முதல் தடவை எத்தனை தவறிப்போயின என்பது இரண்டாவது தடவையில் தெரிந்துவிடும் அல்லவா? அப்படிப்பட்ட ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2006-ல் கணக்குப் பார்த்தார்கள். 100 பாலிப்களில் சுமார் 22 முதல் தடவை கண்ணில் படவில்லை! பெரியவை தவறுவது அபூர்வம். சிறியவைதான் அதிகம் தவறின.

காரணம் பல. குடலின் சுவர் கொசுவம் வைத்த சேலை போல மடிப்பு மடிப்பாக இருக்கிறது. மடிப்புக்குப் பின்னால் ஒளிந்திருப்பது தெரியாது. குடல் சரியாகச் சுத்தமாகாவிட்டால் கசடு மறைக்கும். குழாயை அவசரமாக வெளியே இழுத்தாலும் தவறும். இழுக்கும்போது குறைந்தது 6 நிமிடமாவது நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும் என்பது டாக்டர்களுக்குள் ஒரு விதி. பிற்பகலில் பார்க்கும் கண், காலையில் பார்க்கும் கண்ணைவிடக் குறைவாகக் கண்டுபிடிக்கிறது என்று சொல்லும் ஆராய்ச்சியும் உண்டு. செட்டியார்பட்டி செக்கிங் கதைதான்!

அதிகம் கண்டுபிடிக்கும் டாக்டரிடம் போனவர்களுக்குப் பின்னால் புற்றுநோய் வருவது குறைகிறது. அமெரிக்காவில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட சோதனைகளைப் பார்த்து 2014-ல் இதை உறுதி செய்தார்கள். ஆகவே கூடுதலாக ஒரு கண் கிடைத்தால் நல்லதுதானே என்று விஞ்ஞானிகள் நினைத்தார்கள்.

எந்திரம் எப்படிப் படிக்கிறது?

செயற்கை அறிவு என்றதும் ஏதோ பேசும் பொம்மை என்று எண்ண வேண்டாம். இங்கே அது ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. அவ்வளவுதான்.

அதற்கு முதலில் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள். முன்பு எடுத்த குடல் படங்களை ஆயிரம் ஆயிரமாகக் காட்டுகிறார்கள். "இது பாலிப், இது பாலிப் இல்லை" என்று ஒவ்வொரு படத்துக்கும் டாக்டர்கள் குறித்துக் கொடுக்கிறார்கள். குழந்தைக்கு "இது பசு, இது எருமை" என்று காட்டுவது போல. பசுவுக்கு என்ன இலக்கணம் என்று எந்தத் தாயும் குழந்தைக்குச் சொல்வதில்லை. பார்த்துப் பார்த்துக் குழந்தையே தெரிந்துகொள்கிறது. எந்திரமும் கிட்டத்தட்ட அப்படித்தான் படிக்கிறது.

படித்த எந்திரத்தைக் குழாய்க் காமிராவோடு இணைக்கிறார்கள். டாக்டர் பார்க்கும் அதே படத்தை எந்திரமும் பார்க்கிறது. சந்தேகமான இடம் வந்தால் திரையில் அந்த இடத்தைச் சுற்றிச் சட்டென்று ஒரு பச்சைக் கட்டம் தோன்றும். மெல்லிய ஒலியும் கேட்கும். "இங்கே கொஞ்சம் பாருங்கள்" என்று அர்த்தம். அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. பாலிப்பா இல்லையா, எடுப்பதா விடுவதா என்பதெல்லாம் டாக்டர் பொறுப்பு.

சீனாவில் 1,058 பேரிடம் இதைச் சோதித்தார்கள். முடிவு 2019-ல் வந்தது. டாக்டர் மட்டும் பார்த்தபோது, புற்றாக மாறக்கூடிய ரகப் பாலிப் 100 பேரில் 20 பேரிடம் தெரிந்தது. எந்திரமும் கூடப் பார்த்தபோது 29 பேரிடம் தெரிந்தது. அடுத்த ஆண்டு இத்தாலியில் 685 பேரிடம் நடந்த சோதனையில் அதே கணக்கு 40-லிருந்து 55 ஆக ஏறியது. 2021 ஏப்ரலில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் இப்படிப்பட்ட ஒரு எந்திரத்துக்கு முதல்முறையாக அனுமதி கொடுத்தது.

அப்படியானால் வெற்றிதானே? பொறுங்கள்!

குமிழியைக் கண்டும் கூவும்

எந்திரம் நிறையவே பொய்க் கூச்சல் போடுகிறது. நீர்க்குமிழி, கசடு, சாதாரண மடிப்பு இவற்றைக் கண்டும் பச்சைக் கட்டம் போடும். இத்தாலிய ஆராய்ச்சி ஒன்றில் எண்ணிப் பார்த்தார்கள். ஒரு சோதனைக்குச் சராசரியாக 27 தடவை பொய்க் கட்டம் வந்தது. அனுபவசாலியான டாக்டர் அவற்றை ஒரு நொடியில் தள்ளிவிடுகிறார். ஆகவே இதைப் பெரிய குறையாக யாரும் நினைக்கவில்லை.

பெரிய குறை வேறு. எந்திரம் கூடுதலாகக் கண்டுபிடிப்பவை எவை? பெரும்பாலும் அரை சென்டிமீட்டருக்கும் சிறிய மொட்டுகள். அவற்றில் அநேகம் ஒருநாளும் புற்றாக மாறப் போவதில்லை. ஆனால் கண்டபின் விட முடியுமா? எடுக்க வேண்டும். சோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டும். சில ஆண்டுகளில் திரும்ப வரச் சொல்ல வேண்டும். செலவு, அலைச்சல், கவலை! உயிர் எத்தனை பிழைத்தது என்ற கணக்கோ இன்னும் வரவில்லை. அதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் எடை போட்ட ஒரு சர்வதேசக் குழு, 2025 மார்ச் மாதம் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் தன் கருத்தை வெளியிட்டது. எல்லோருக்கும் வழக்கமாக இதைப் பயன்படுத்த வேண்டாம் என்பது அதன் ஆலோசனை. கண்டிப்பான தடை இல்லை, மென்மையான ஆலோசனைதான். அதே ஆண்டு அமெரிக்க ஜீரண உறுப்பு டாக்டர்களின் சங்கம், வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கண் மறந்து போகுமா?

2025 ஆகஸ்டில் போலந்து நாட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது. டாக்டர்கள் அதிகம் பேசியது இதைப் பற்றித்தான்.

அங்கே 4 ஆஸ்பத்திரிகளில் எந்திரத்தைப் புகுத்தினார்கள். 19 டாக்டர்கள். எல்லோரும் தலைக்கு 2,000 சோதனைக்கு மேல் செய்து பழகியவர்கள். எந்திரம் வருவதற்கு முன்பு, தங்கள் கண்ணை மட்டும் நம்பிப் பார்த்தபோது 100 பேரில் 28 பேரிடம் பாலிப் கண்டார்கள். எந்திரம் வந்த அடுத்த சில மாதங்களில், அது இல்லாமல் செய்த சோதனைகளை எடுத்துப் பார்த்தால் 22 பேரிடம்தான் கண்டிருந்தார்கள்!

நூல் அறுந்தால் தானாக நிற்கும் தறி உண்டு. அந்தத் தறியில் பழகியவரைத் திடீரென்று பழைய தறியில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? நூல் அறுந்தது தெரியாமல் முழம் முழமாக ஓடிவிடும். சத்திரப்பட்டியில் பாண்டேஜ் துணி நெய்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் போலந்துக் கணக்கை வைத்துத் தீர்ப்பே எழுதிவிடக் கூடாது. அந்த மாதங்களில் சோதனைகளின் எண்ணிக்கையும் வெகுவாகக் கூடியிருந்தது. வேலைப் பளுவாலும் கண்டுபிடிப்பது குறைந்திருக்கலாம். இருந்தாலும் எச்சரிக்கை எச்சரிக்கைதான். மின்சாரம் போன நாளில், எந்திரம் பழுதான நாளில் வரும் நோயாளியும் நோயாளிதானே!

மதுரையில் நடந்தது

எந்திரக் கண் தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. மதுரையிலேயே வேலை செய்திருக்கிறது. குடலில் அல்ல, கண்ணில்.

மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கினார். சர்க்கரை வியாதிக்காரர்களின் விழித்திரை கெட்டுப்போவதைப் படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க, அமெரிக்காவின் கூகுள் கம்பெனி ஒரு எந்திரத்தைப் பழக்கியது. சுமார் 1 லட்சத்து 28 ஆயிரம் படங்களைக் காட்டிப் பழக்கினார்கள். அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் அதைச் சோதித்தார்கள். படம் பார்த்துப் பழகிய மனிதர்களுக்கு எந்திரம் இளைக்கவில்லை என்று 2019-ல் முடிவு வெளிவந்தது. அதே ஆண்டு அரவிந்தில் அது நடைமுறைக்கும் வந்தது.

கண் எந்திரத்துக்கும் குடல் எந்திரத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இந்தப் பேச்சில் பலர் அதைக் கவனிப்பதில்லை.

கண்ணைப் படம் எடுக்க டாக்டர் தேவையில்லை. பழகிய ஒரு பெண் ஊழியர் கிராமத்திலேயே எடுத்துவிடுவார். டாக்டர் இல்லாத இடத்துக்கு எந்திரம் போகிறது. பார்வை போகும் முன்பே ஆளைப் பிடித்துவிடுகிறது.

குடல் எந்திரம் அப்படிப் போக முடியாது. குழாய் விடத் தெரிந்த டாக்டர் வேண்டும். குழாய் வேண்டும். மயக்க மருந்து வேண்டும். எடுத்த சதையைச் சோதிக்கச் சாலை வேண்டும். இவ்வளவும் இருக்கிற இடத்தில், கூடுதலாக ஒரு பெட்டி. அதாவது டாக்டர் இருக்கிற இடத்துக்குத்தான் அது வரும்.

சுவரில் ஒட்டிய நோட்டீஸ்

செட்டியார்பட்டியில் 50 வயதான ஒருவருக்கு மலத்தில் ரத்தம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் யாரிடம் சொல்வார்? மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டார். கூச்சம்!

பிறகு சூடு என்பார். மோர் குடிப்பார். அதற்குப் பிறகு "மூலமாக இருக்கும்" என்று முடிவு கட்டுவார். பஸ் நிலையத்துச் சுவர் எங்கும் "மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்" என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. அங்கே போவார். பாதிப் பேருக்கு மேல் அது உண்மையிலேயே மூலமாகத்தான் இருக்கும். மீதிப் பேருக்கு? ஒரு ஆண்டு வீணாகிவிடும்.

ரத்தம் போவது, மலம் கழிக்கும் வழக்கம் திடீரென்று மாறிப் பல வாரம் நீடிப்பது, காரணமில்லாமல் ரத்த சோகை, எடை குறைவது — இவற்றில் ஒன்று இருந்தாலும் நோட்டீஸ் வைத்தியரிடம் போகாமல் டாக்டரிடம் போக வேண்டும். குடும்பத்தில் தாய், தகப்பன், உடன்பிறந்தவர் யாருக்காவது குடல் புற்றுநோய் வந்திருந்தால், ஒன்றும் இல்லாவிட்டாலும் டாக்டரைக் கேட்க வேண்டும்.

நம் நாட்டில் அரசு நடத்தும் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றுக்கும்தான். இங்கே அதிகம் வருபவை அவை என்பதால் அது நியாயமே. குடல் அந்தப் பட்டியலில் இல்லை.

குழாய் விடாமலே வடிகட்டும் வழி ஒன்றும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் மலத்தில் இருந்தாலும் காட்டிவிடும் எளிய சோதனை அது. ஜப்பான் 1992 முதல் அதையே நாடு தழுவிய திட்டமாக நடத்துகிறது. இங்கிலாந்தில் 50 வயது ஆனவர்களின் வீட்டுக்கே தபாலில் ஒரு சிறு டப்பி வருகிறது. குச்சியால் தொட்டு டப்பியில் போட்டுத் திருப்பி அனுப்பினால் போதும். அதில் ரத்தம் தெரிந்தவர்களுக்கு மட்டும் குழாய்ச் சோதனை. பச்சைக் கட்டம் போடும் எந்திரம் ஒன்று வாங்குவதா, இப்படி டப்பிகள் வாங்குவதா என்று விருதுநகர் மாவட்டத்தில் யாராவது கேட்டால், டப்பிக்குத்தான் முதல் ஓட்டு விழ வேண்டும்.

குழாய்ச் சோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்தால் ஒரு விஷயம். முதல் நாளே கஞ்சித் தண்ணீர் போன்ற ஆகாரத்துக்கு மாறச் சொல்வார்கள். குடலைச் சுத்தம் செய்ய மருந்து கலந்த தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிக்கச் சொல்வார்கள். ருசி மோசம். பாதியைக் குடித்துவிட்டுப் பாதியை வாசலில் கொட்டும் ஆசாமிகள் உண்டு. அப்புறம் காலை பஸ் பிடித்து மதுரைக்குப் போய்ப் படுத்தால், திரையில் குடல் தெரியாது. கசடுதான் தெரியும். கசடுக்கு அடியில் கிடக்கும் பாலிப் டாக்டருக்கும் தெரியாது, எந்திரத்துக்கும் தெரியாது. இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். எந்திரம் வைத்திருக்கும் ஆஸ்பத்திரியிலும் காலையில் நர்ஸ் கேட்கும் முதல் கேள்வி, "மருந்து முழுவதும் குடித்தீர்களா?" என்பதுதான்.